மறு: ‘ஹனி ப்ராசஸ்’ தமிழில் என்ன? தேன்முறை வேண்டாம் என்பதற்கு என் காரணங்கள்

வணக்கம்.

மூன்று நாளில் நாற்பது மடல்கள் வந்தாயிற்று. கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: இது சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்கான காப்பிப் பதப்படுத்தல் கையேடு. பழத்தை அப்படியே காயவைப்பது உலர்முறை. தோலை உரித்து, தொட்டியில் புளிக்கவிட்டு, கழுவிக் காயவைப்பது கழுவுமுறை. இரண்டிலும் சண்டை இல்லை. தோலை மட்டும் உரித்துவிட்டு, கொட்டையைச் சுற்றியுள்ள பசையோடு (மியூசிலேஜ்) காயவைக்கிறார்களே, அந்த ‘ஹனி ப்ராசஸு’க்குத்தான் இத்தனை பாடு.

> ஆங்கிலத்தில் ஹனி, ஸ்பானியத்தில் மியேல். தமிழில் தேன்முறை என்று வைத்தால் என்ன? இடுகுறியாக நிற்கட்டுமே.

இடுகுறியாக நிற்காது ஐயா, தேன் என்றதும் தேன்தான் கண்முன் வருகிறது. முதல் வரைவை வாசித்துக் காட்டியபோது ஒரு அம்மா கேட்ட முதல் கேள்வியே, “எவ்வளவு பழத்துக்கு எவ்வளவு தேன் ஊற்றணும்?” நான் பதில் சொல்லும்வரை மற்றவர்களும் அதே சந்தேகத்தோடுதான் இருந்தார்கள். கூட்டுறவில் ஒருவர் கொண்டுவரும் பழம் தனியாக நிற்பதில்லை, பலருடையது ஒரே தொகுதியாகச் சேர்கிறது. ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டால் அத்தனை பேரின் சரக்கும் சுவை மதிப்பீட்டில் நூற்றுக்கு 80 புள்ளி என்ற சிறப்புத்தர எல்லைக்குக் கீழே இறங்கிவிடலாம்.

அப்புறம், உலகமே தேன் என்கிறது என்பதும் சரியில்லை. கோஸ்டாரிக்காவில் மியேல் என்பது உண்மை. ஆனால் ஏறக்குறைய இதே வேலைக்கு பிரேசிலில் ‘செரேஜா தெஸ்காஸ்காது’, அதாவது தோல் உரித்த பழம், என்று பெயர். சுமத்ராவில் ஈரம் நிறைய இருக்கும்போதே கொட்டையின் மேலோட்டை நீக்குகிறார்கள். அது வேறு முறை, ஆனால் பெயர் ‘கிலிங் பாசா’, ஈரத்தில் அரைத்தல். இரண்டு இடத்திலும் கை செய்யும் வேலைதான் பெயராகியிருக்கிறது. எனக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட காரணப்பெயர்தான்.

> மியூசிலேஜுக்கு ‘வழும்பு’ என்ற அழகான பழஞ்சொல் இருக்கும்போது ‘பசை’ எதற்கு? சுவரொட்டி ஒட்டுவதற்கா?

வழு, வழுக்கு, வழும்பு என்று நீங்கள் வேர் பிடித்துப் போன இரண்டு மடல்களையும் ரசித்துப் படித்தேன். ஆனால் வழும்புக்கு நிணம் என்ற பொருளும் உண்டு, வழு என்றால் குற்றம். வழுவமைதி படித்த நமக்கே அந்த நினைவு வருகிறது. 350 கிராம் பச்சைக் கொட்டையைப் பரப்பி வைத்துக் குறைகளை ஒன்றொன்றாக எண்ணும் தொழிலில், நல்லதொரு பொருளுக்கு இந்தச் சொல் வேண்டாமே.

பசையைப் பற்றி: பழுத்த காப்பிப் பழத்தை இரண்டு விரலால் பிதுக்கிப் பாருங்கள். கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும், விரலைப் பிரித்தால் நடுவில் நூல் இழுக்கும். தொட்டியில் புளித்து முடிந்த கொட்டையைக் கழுவித் தேய்த்தால் அந்த வழவழப்பு போய், கூழாங்கல்லை உரசுவதுபோல் சரசரக்கும். கழுவுமுறையில் அந்தச் சரசரப்பு வரவேண்டும். நாம் பெயர் தேடும் முறையிலோ நூல் இழுப்பதைக் கழுவாமல் அப்படியே காயவிடவேண்டும். ‘பசை போகக் கழுவு’, ‘பசையோடு உலர்த்து’ என்று இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிட முடிகிறது. வேறெந்தச் சொல்லும் இதைச் செய்யவில்லை.

‘நாட்படு தேறல்’ (நாள்பட வைத்த கள்) என்ற புறநானூற்றுத் தொடரிலிருந்து ‘தேறல்முறை’ என்று ஒருவர் சொன்னார். நாட்படு என்பதை நீண்ட நேரம் புளிக்கவைக்கும் முறைகளுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன், நல்ல சொல். ஆனால் தேறல் என்றால் தெளிந்தது. நம்முடையது தெளியவே தெளியாத பிசுக்கு.

காப்பியா குளம்பியா என்ற விவாதத்தைத் தயவுசெய்து தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் காப்பிதான்.

ஆக என் முன்மொழிவு: பசையுலர்முறை. இதில் ஒரு குறை இருப்பதை மறைக்கவில்லை. விட்டுவைக்கும் பசையின் அளவையும் காயும் வேகத்தையும் பொறுத்து மஞ்சள் ஹனி, சிவப்பு ஹனி, கறுப்பு ஹனி என்று பிரிக்கிறார்கள். ‘கரும்பசை’ என்றால் தார் மாதிரி இருக்கிறது. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. இதுவரை பசையுலர்முறைக்கு ஏழு பேர், தேன்முறைக்கு இரண்டு பேர், வழும்புக்கு ஒருவர். நாளை இரவுக்குள் சொல்லுங்கள்.

*

> இதுவரை பசையுலர்முறைக்கு ஏழு பேர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் வாங்குபவர் மூட்டையில் ‘ஹனி’ என்றுதான் எழுதியிருப்பார். அதைப் பார்த்துவிட்டுக் கையேட்டில் தேடும் உறுப்பினர் எங்கே போவார்? சொல்லடைவில் ‘ஹனி, தேன்முறை: பசையுலர்முறை பார்க்க’ என்று ஒரு வரி வேண்டும்.

*

சேர்த்துவிட்டேன் ஐயா. நன்றி.

*

வழு வேறு, வழும்பு வேறு. ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன். அச்சு முடிந்திருந்தாலும் இரண்டாம் பதிப்புக்கு உதவும்.