புதிய கேரவன்: இடப்பக்கச் சாய்வு, பின்சக்கரச் சூடு, சார்ஜ் ஏறாத பேட்டரி – உதவி வேண்டும்

கேள்வி – காட்பாடி

அனைவருக்கும் வணக்கம். எண்பது வயதைக் கடந்த என் தாயாரால் நெடுநேரம் உட்கார்ந்து பயணம் செய்ய இயலாது என்பதால், படுக்கையும் கழிப்பறையும் உள்ள கேரவன் ஒன்றைச் செய்து வாங்கினோம். டீசல் வேன் சேசிஸை (எஞ்சினும் சக்கரங்களும் உள்ள அடிச்சட்டத்தை) விற்பனையாளர் ஒருவரிடம் எடுத்து, உள்வேலை முழுவதையும் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் முடித்தோம். வண்டி கைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. 2,100 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.

சென்ற வாரம் ஏலகிரிக்குப் போனபோது, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதுமே எஞ்சின் வெப்பமுள் வழக்கத்தைவிட மேலே ஏறியது. ஏசியை நிறுத்திய பின் இறங்கிவிட்டது. இறங்கும்போது கருகிய வாடை வந்தது. அடிவாரத்தில் நிறுத்திப் பார்த்தால் இடது பின்சக்கரம் மட்டும் கையை அருகில் கொண்டுபோக முடியாத அளவுக்குக் கொதித்தது. மற்ற மூன்றும் இளஞ்சூடாகவே இருந்தன. சமதளத்தில் நிற்கும்போதும் வண்டி இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. வலது பின்சக்கரத்துக்கு மேல் ஆறு விரற்கடை இடைவெளி இருக்க, இடப்பக்கம் நான்குதான் இருக்கிறது. இவை போதாதென்று, இங்கிருந்து பெங்களூரு வரை ஏறத்தாழ 210 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றும், உள்ளே இருக்கும் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏறவே இல்லை. வீட்டு மின்சாரத்தில் இணைத்தால் நன்றாக ஏறுகிறது.

விற்பனையாளரைக் கேட்டால் பாடி வேலையில்தான் குறை என்கிறார். பட்டறையைக் கேட்டால் சேசிஸில் குறை என்கிறார்கள். தாயாரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கும் வண்டி என்பதால் பிரேக் விஷயத்தில் எனக்கு மிகுந்த அச்சமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி – வாலாஜா

ஐயா, இருபது ஆண்டுகளாக லாரி வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பிரேக் குறை தீரும்வரை தாயாரை ஏற்றாதீர்கள், மலைப்பக்கமும் போகாதீர்கள். எடை போடாமல் எவரையும் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையில் கைவைக்க விடாதீர்கள். சாய்கிறது என்றவுடன் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் காரணம் மறைந்துவிடும். சேசிஸ் வாரண்டிக்கும் ஆபத்து.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, பயணத்தின்போது இருக்கும் பொருள்கள் அனைத்தையும் வைத்துக்கொண்டு இராணிப்பேட்டைப் பக்கம் உள்ள எடை மேடை ஒன்றுக்குச் செல்லுங்கள். முதலில் முழு வண்டி; பிறகு முன் அச்சு மட்டும்; பிறகு பின் அச்சு மட்டும். மேடையும் அதை ஒட்டிய தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால், இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை எடுங்கள். தொட்டியைக் காலி செய்து மீண்டும் ஒருமுறை எடுங்கள். மொத்த எடையைப் பதிவுச் சான்றில் உள்ள அனுமதி எடையோடும், அச்சு எடைகளைச் சேசிஸ் தகட்டில் உள்ள அளவோடும் ஒப்பிடுங்கள். சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், இரு தரப்பாரிடமும் பேச அவைதான் ஆதாரம்.

சக்கரச் சூட்டைப் பற்றி: இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்து வந்திருந்தால் சக்கரங்கள் பரவலாகச் சூடேறியிருக்கும். ஒன்று மட்டும் கொதிக்கிறது என்றால் அந்தச் சக்கரத்தில் பிரேக் முழுமையாக விடுபடவில்லை என்றே பொருள். தொட்டி இடப்பக்கம் பின் அச்சுக்கு அருகில் தொங்குகிறதா? அதன் தாங்கு இரும்பு கைப்பிரேக் கேபிளையோ பிரேக் குழாயையோ அழுத்துகிறதா என்று பாருங்கள். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஜாக்கியைப் பாடியில் வைக்காமல் அதற்குரிய இடத்தில் வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் செய்ய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்க வேண்டாம்; அந்த வேலை மெக்கானிக்கின் குழியில் நடக்கட்டும்.

மறுமொழி – குடியாத்தம்

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். பேட்டரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பட்டறையில் ஒரு சாதாரண ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) வைத்து எஞ்சின் பேட்டரியையும் உள் பேட்டரியையும் இணைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பழைய வண்டிகளுக்கு அது போதும். பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிப்படி வந்த புதிய வண்டிகள் பலவற்றில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தை எஞ்சின் கணினியே கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் பேட்டரி நிரம்பியதும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். உங்கள் லித்தியம் பேட்டரி நிரம்புவதற்கு 14 வோல்ட்டுக்குச் சற்று மேல் தேவை.

கம்பியின் தடிமனையும் பாருங்கள். முன்னிருந்து பின்வரை 6 மீட்டர் என்றால், போகவும் வரவும் 12 மீட்டர். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 30 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே போகும். எஞ்சினை ஓடவிட்டு, மல்டிமீட்டரால் எஞ்சின் பேட்டரி முனையிலும் உள் பேட்டரி முனையிலும் அளந்து பார்த்தால் விளங்கிவிடும்.

ரிலேயை எடுத்துவிட்டு டிசி-டிசி சார்ஜர் (வரும் மின்னழுத்தத்தை உள் பேட்டரிக்கு ஏற்ற அளவுக்கு மாற்றித் தரும் கருவி) பொருத்துவதே சரியான தீர்வு. தடித்த கம்பியைப் போட்டு ரிலேயை அப்படியே விட்டால், லித்தியம் பேட்டரி அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கக்கூடும். கம்பியின் இரு முனைகளிலும் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் காற்றோட்டம் இல்லாத பெட்டியில் பேட்டரியை வைத்திருந்தால், நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது ஆகாது. காற்றுத்துளை போடச் சொல்லுங்கள்.

கேட்டவர் – காட்பாடி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று எடை போட்டேன். தொட்டி நிறைந்த நிலையில் மொத்தம் 4,380 கிலோ, அனுமதி 4,600. முன் அச்சு 1,560, பின் அச்சு 2,820. இரண்டும் தகட்டு அளவுக்குள்தான் உள்ளன. ஆனால் இடப்பக்கம் 2,370, வலப்பக்கம் 2,010. 180 லிட்டர் தொட்டியைக் காலி செய்த பின்னும் 220 கிலோ வேறுபாடு இருக்கிறது. சமையல் மேடை, குளிர்சாதனப் பெட்டி, பேட்டரி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

சக்கரம் தொட்டி காலியாக இருந்தபோது தடையின்றிச் சுற்றியது; நிரப்பிய பின் கையால் நகர்த்தவே முடியவில்லை. மெக்கானிக் குழியிலிருந்து பார்த்து, தொட்டியைத் தாங்கும் இரும்பு ஆங்கிள் கீழே வளைந்து கைப்பிரேக் கேபிளின் மேல் உட்கார்ந்திருப்பதைக் காட்டினார்; கேபிள் உறை தேய்ந்து உள்கம்பி தெரிகிறது. படங்களையும் எடைச் சீட்டுகளையும் இணைத்துப் பட்டறைக்கு எழுத்துமூலம் அனுப்பினேன். தொட்டியை வலப்பக்கம் இரு அச்சுகளுக்கும் இடையில் மாற்றிப் பொருத்தவும், பேட்டரியை எதிர்ப்புறம் வைக்கவும், கேபிளைப் புதிதாகப் போடவும் ஒப்புக்கொண்டார்கள். ரிலேதான் இருக்கிறது, சார்ஜரை நானே வாங்கித் தருகிறேன். வெப்பமுள் ஏறியதற்கும் இந்தப் பிரேக் குறையே காரணமாக இருக்குமா?

மறுமொழி – வாலாஜா

பிடித்த சக்கரத்தை இழுத்துக்கொண்டு மலையேறினால் எஞ்சினுக்குப் பாரம் கூடும். ஆகவே ஓரளவுக்கு இருக்கலாம். ஆனால் உள்ளறை ஏசிக்காக ரேடியேட்டருக்கு முன்னால் இரண்டாவது கண்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியேற்றும் பகுதி) வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அது காற்றை மறைக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறந்து கூலன்ட் அளவைச் சரிபாருங்கள். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் திணறவிடாமல் முன்னதாகவே இரண்டாம் கியருக்கு மாற்றினால், விசிறியும் தண்ணீர்ப் பம்பும் வேகமாகச் சுழன்று சூட்டைத் தணிக்கும். இறங்கும்போதும் அதே கியரிலேயே இறங்குங்கள். கேபிள் மாற்றிய பின் முதலில் தாயாரை ஏற்றாமல் ஒருமுறை ஏலகிரிக்குப் போய் வந்து, நான்கு சக்கரங்களின் சூட்டையும் இங்கே எழுதுங்கள்.