கோட் பிளாக்ஸில் சி புராஜெக்டை சி++ ஆக மாற்ற முடியவில்லை, உதவி தேவை

கெடிலக்கரை, கடலூர்:
வணக்கம். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்குக் கல்லூரி சென்றுவரும் இரண்டாம் ஆண்டு மாணவி நான். நூலகக் கணக்குக்காக சி மொழியில் எழுதிய நிரலை சி++ ஆக மாற்றி, திங்கட்கிழமை காட்ட வேண்டும். கோட் பிளாக்ஸ் என்ற நிரலெழுதும் மென்பொருளில், திரையில் எழுத உதவும் சி++ கோப்பான ஐஓஸ்ட்ரீமைச் சேர்த்ததும் "ஐஓஸ்ட்ரீம்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று நின்றுவிடுகிறது. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரை இரண்டு முறை நீக்கி நிறுவிவிட்டேன். செட்டிங்ஸில் குனூ ஜிசிசி என்ற கம்பைலர் தேர்வாகியிருக்கிறது. சி++ என்று தனியாக எதையும் காணவில்லை. டர்போ சி++ என்ற பழைய மென்பொருளில், .சி கோப்பிலேயே சிஅவுட் (திரையில் எழுதும் சி++ கட்டளை) ஓடியதாக அக்கா சொல்கிறாள். எங்கே மாற்றுவது?

லாஸ்பேட்டை:
கம்பைலரில் குறை இல்லை தங்கச்சி, மறுபடி நிறுவாதீர்கள். கீழே பில்ட் லாக்கை (ஓடிய கட்டளைகளின் பதிவு) திறந்து, மெயின்.சி இருக்கும் வரி எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று பாருங்கள்.

கெடிலக்கரை:
ஜிசிசி.இஎக்ஸ்இ என்று தொடங்குகிறது அண்ணா.

லாஸ்பேட்டை:
அதுதான் காரணம். ஜிசிசி தொகுப்புக்குள் சி, சி++ இரண்டுக்குமான கம்பைலர்கள் இருக்கின்றன. எதை எடுப்பது என்பதைக் கோப்பின் வால், அதாவது பெயரில் புள்ளிக்குப் பின் வருவதுதான் முடிவு செய்கிறது. .சி என்றால் சி; .சிபிபி என்றால் சி++. புராஜெக்ட் முழுவதற்கும் ஒரே சுவிட்ச் தேடியதால்தான் உங்களுக்கு அகப்படவில்லை. முதலில் நகல் ஒன்று எடுத்துவையுங்கள். பிறகு ஃபோல்டரில் கோப்பின் பெயரை மெயின்.சிபிபி என்று மாற்றுங்கள். புராஜெக்டிலிருந்து பழைய பெயரை நீக்கி, புதியதைச் சேர்த்து, ரீபில்ட் கொடுங்கள். வரி ஜி++ என்று தொடங்க வேண்டும். துண்டுகளை இணைத்து நிரலாக்கும், அதாவது லிங்க் செய்யும் வரியிலும் அதுவே வர வேண்டும். ஜிசிசி .சிபிபி கோப்பை சி++ ஆகவே கம்பைல் செய்துவிடும், ஆனால் சி++ நூலகத்தைத் தானாக இணைக்காது. அப்போது சிஅவுட்டுக்கு "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" வரும்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை:
அக்கா சொன்னது உண்மைதானம்மா. டர்போ சி++-இன் ஆப்ஷன்ஸ் மெனுவில் கோப்பின் வாலைப் பார்ப்பதா, எப்போதும் சி++ ஆகவே எடுப்பதா என்று தேர்வு செய்யலாம். அவர் படித்த ஆய்வகத்தில் இரண்டாவதை வைத்திருந்திருப்பார்கள். ஆனால் அவருடைய பழைய நிரலை அப்படியே ஒட்டாதே. சி++ 1998-இல் தரப்படுத்தப்படும் முன் வந்த மென்பொருள் அது, அதன் ஐஓஸ்ட்ரீம்.எச், கோனியோ.எச் இரண்டும் உன் கம்பைலரில் அப்படியே ஒத்துவராது. வெறும் ஐஓஸ்ட்ரீம் போதும். சிஅவுட்டுக்கு முன்னால் எஸ்டிடி:: சேர்த்துக்கொள்.

கெடிலக்கரை:
ஜி++ வந்துவிட்டது! ஐஓஸ்ட்ரீம் பிழை போய்விட்டது. ஆனால் நேற்றுவரை ஓடிய வரிகளில் புதிதாக 14 பிழைகள். பாதி, நினைவகம் ஒதுக்கும் மால்லாக் வரிகளில். மீதி, புதிய புத்தகத்துக்காக நான் நியூ என்று பெயர் வைத்த பாயின்டரில் (நினைவக முகவரியை வைக்கும் மாறி).

மஞ்சக்குப்பம் ஆசிரியை:
பயப்படாதே. மால்லாக் தரும் வாய்ட் (வகை குறிப்பிடாத) பாயின்டரை சி தானாக மாற்றிக்கொள்ளும், சி++ மாற்றாது. மால்லாக்குக்கு முன்னால் உன் ஸ்ட்ரக்ட் பாயின்டர் வகையை அடைப்புக்குறிக்குள் எழுது. நியூ என்பது சி++-இன் ஒதுக்கப்பட்ட சொல், அதனால் அந்தப் பாயின்டருக்கு வேறு பெயர் வை. நேரம் இருந்தால் மால்லாக்கை எடுத்துவிட்டு அந்த நியூவையே பயன்படுத்து. அப்போது நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீ இருக்கும் இடங்களில் டெலீட் வர வேண்டும். இரண்டையும் கலந்துவிடாதே, கம்பைலர் அதைக் கட்டாயம் பிடித்துக் கொடுக்கும் என்று சொல்ல முடியாது.

கெடிலக்கரை:
மால்லாக்குக்கு முன்னால் வகையை எழுதி, பாயின்டருக்குப் புதுநூல் என்று ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றினேன். 14 பிழைகளும் போய்விட்டன. புத்தகப் பட்டியல் திரையில் வந்துவிட்டது. மால்லாக்கை ஞாயிற்றுக்கிழமை மாற்றுகிறேன். டீச்சர், அண்ணா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி.