பள்ளியில் சாய்தளம் கேட்டு மனு: என்ன எழுதணும், யாரிடம் கொடுக்கணும்?

கேள்வி (பிளஸ் ஒன் மாணவர்கள், அரசு மேல்நிலைப் பள்ளி)
எங்கள் வகுப்புத் தோழி சக்கர நாற்காலியில் வருகிறாள். வராந்தா மூன்று படி, 45 செ.மீ. உயரம். சாய்தளம் இருக்கு, ஆனா நீளம் 1.8 மீட்டர்தான், இரண்டு பேர் தள்ளினால்தான் ஏறுது. ஆய்வகம் மாடியில். ஐந்து பேர் சேர்ந்து மனு கொடுக்கப் போறோம். எந்தச் சட்டத்தைச் சொல்லணும்? சாய்தளம் எவ்வளவு நீளம்னு கேட்கணும்?

பதில் 1 (கட்டட வேலை தெரிந்தவர்)
உங்கள் கணக்குப்படி அது 1:4 சரிவு. மூட்டை ஏற்றலாம், ஆள் தனியாக ஏற முடியாது. இருக்க வேண்டியது 1:12, அதாவது 1 செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம். 45 செ.மீ.க்கு 5.4 மீட்டர் வரும். நேராக இடமில்லையா, சுவரை ஒட்டித் திருப்பலாம். திருப்பத்திலும் இரு முனையிலும் 1.5 மீட்டர் சமதளம் விடணும். அகலம் 1.2 மீட்டர், இரு பக்கமும் கைப்பிடி.

படியை எண்ணி உயரம் போடாதீங்க தம்பி. முற்றம் பெரும்பாலும் சரிந்துதான் இருக்கும். 5 மீட்டர் தள்ளி அளந்தால் உயரம் மாறும். கொத்தனார் வைத்திருக்கிற தண்ணீர் டியூபின் ஒரு முனையை வராந்தா விளிம்பிலும் மறு முனையை சாய்தளம் முடிகிற இடத்திலும் பிடிங்க. இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்; அந்த மட்டத்திலிருந்து இரண்டு இடத்திலும் தரைவரை அளந்து கழித்தால் உயரம் கிடைக்கும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் அளவு தப்பும்.

வழவழ டைல்ஸ் வேண்டாம், மழையில் வழுக்கும். சிமெண்ட் பூசி, ஈரத்தோடு துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தால் போதும். கீழ்முனை மணலில் முடியக் கூடாது, முன் சின்னச் சக்கரம் புதைந்துவிடும்.

பதில் 2 (மனு வேலை தெரிந்தவர்)
மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16. கட்டடத்தையும் வளாகத்தையும் எல்லோரும் பயன்படுத்தும்படி வைப்பது பள்ளியின் கடமை என்று அதில் இருக்கிறது. "கருணை கூர்ந்து" என்று தொடங்காதீங்க, இது உரிமை.

முதலில் தலைமை ஆசிரியர், அடுத்து பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். வாய்ப்பேச்சோடு விடாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி நகல் வாங்குங்க. "நிதி இல்லை" என்றால் அதையும் எழுத்தில் கேளுங்க. அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்ப்பு நாள். அங்கே பெற்றோர் ஒருவர் கையெழுத்தும் சேர்ந்தால் நல்லது. மனு எண் வாங்காமல் திரும்பாதீங்க. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு நகல். அதற்கும் மேலே மாநில ஆணையர் இருக்கிறார்.

பதில் 3
மனு எழுதுமுன் அவளிடம் கேட்டீங்களா? அவளுக்கு முதல் தேவை கழிப்பறையாக இருக்கலாம். போக வழியில்லாமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பிள்ளைகள் உண்டு. சிறுநீர்த் தொற்று அப்படியும் வரலாம். கதவு 90 செ.மீ. அகலம், வெளிப்பக்கம் திறக்கணும். உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் இடம், உட்காரும் கோப்பை, பக்கத்தில் பிடிமானக் கம்பி.

மனுவோடு வைக்கிற படத்தில் டேப் பிடித்த சாய்தளம் மட்டும் இருக்கட்டும், அவள் முகம் வேண்டாம். நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோவதை ஏற்பாடாக ஒத்துக்காதீங்க. கை நழுவினால் அடிபடுவது அவள்தான். செய்முறை வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றக் கேளுங்க. வகுப்பறையை மாற்றிக்கொள்ள நிதி வேண்டாம், தலைமை ஆசிரியர் சொன்னால் போதும்.

கேட்டவர்கள்
நன்றி. அவளிடம் பேசினோம், கழிப்பறையைத்தான் முதலில் எழுதச் சொன்னாள். மனுவை அவளே எழுதுகிறாள்; நாங்கள் நாளைக்கு டியூப் வைத்து அளக்கிறோம்.