ஒற்றைக்கையா, தனியோட்டியா? பந்தய டிங்கிக்கு ஒரு கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம். ஒருவரே ஓட்டும் சிறு பந்தயப் பாய்ப்படகை ஆங்கிலத்தில் ‘single-handed dinghy’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘ஒற்றைக்கைப் பந்தயப் படகு’ என்று வைத்துக்கொள்ளலாமே?

இதில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலச் சொல்லில் இருக்கும் ‘கை’ உடலுறுப்பு அல்ல. கப்பலில் வேலை பார்க்கும் ஆள். சீட்டாடும்போது ‘ஒரு கை குறைகிறது’ என்று நாமும் சொல்கிறோம், சரிதான். ஆனாலும் ‘ஒற்றைக்கை’ என்று படித்ததும், ஒரு கையை மடக்கிக்கொண்டு படகு ஓட்டுபவர்தான் கண்முன் வருகிறார். நிலைமையோ தலைகீழ். ஒரு கை சுக்கான் பிடியில், மறு கை பாய்க்கயிற்றில். வேறு எதைத் தொடவும் கை மிச்சமில்லை.

இந்தப் படகின் வடிவமைப்பே அந்தக் கைப் பஞ்சத்திலிருந்து வந்ததுதான். பெரும்பாலும் முன்பாய் கிடையாது, ஒரே பாய். அதனால் பாய்மரம் முன்முனையை ஒட்டி நிற்கும். 1952 முதல் டோக்கியோ 2020 வரை ஒலிம்பிக்கில் ஓடிய ஃபின் என்ற படகிலும், 1996இல் அங்கே நுழைந்த லேசர் என்ற படகிலும் பாய்மரத்தைத் தாங்க இழுவைக் கயிறுகளே இல்லை. காற்று வலுத்தால் மரம் வளையும், பாய் தட்டையாகும், படகைச் சாய்க்கும் விசை குறையும். கூட ஓர் ஆள் இருந்தால் அவர் கயிறுகளை இழுத்தும் தளர்த்தியும் செய்யும் வேலையில் பாதியை மரமே பார்த்துக்கொள்கிறது. ஃபின் ஓட்டிகள் தங்கள் உடல் எடைக்கு ஏற்ற வளைவுள்ள மரமாகத் தேடுவதும் இதனால்தான்.

நீருக்குள் இருக்கும் சிறகுகளால் நீருக்கு மேலே எழுந்து பறக்கும் மாத் என்ற படகில் இது இன்னும் அழகு. முன்முனையிலிருந்து ஒரு மெல்லிய கோல் நீரைத் தடவிக்கொண்டே வரும். உயரம் கூடினாலோ குறைந்தாலோ, அந்தக் கோலோடு இணைந்த மடல் நடுச்சிறகில் தானாகத் திரும்பும். இதைத்தான் நான் மூன்றாவது கை என்பேன்.

> ‘ஓராள் படகு’ எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான், ஆனால் வலை அகலம். 2.4எம்ஆர் என்றொரு படகு உண்டு. நீளம் ஏறத்தாழ 4.2 மீட்டர், லேசரின் அளவுதான். அதிலும் ஒருவர்தான். ஆனால் அதன் 260 கிலோ எடையில் பெரும்பகுதி அடியில் உள்ள ஈயம். ஓட்டுபவர் உள்ளே உட்கார்ந்தபடியே போவார். லேசரின் உடலோ 59 கிலோதான். பெரும்பாலும் ஓட்டுபவர் படகைவிடக் கனமானவர்! அவரே அதன் அடிப்பாரம். கால்களை வாருக்குள் மாட்டி, உடலை விளிம்புக்கு வெளியே நீட்டி அவர் தொங்கினால்தான் படகு நிமிரும். வெளியே தொங்கிய நிலையிலும் சுக்கான் எட்ட வேண்டுமே, அதற்காகப் பிடியோடு ஒரு நீட்டுக்கோல். எடை குறைந்தவருக்குப் படகை மாற்றுவதில்லை: 7.06 சதுர மீட்டர் பாயைக் கழற்றிவிட்டு 5.76 அல்லது 4.7 மாட்டுவார்கள். பாய்மரத்தின் கீழ்த்துண்டு மட்டும் அதற்கேற்ப மாறும்.

ஆகவே ‘எத்தனை பேர்’ என்பதோடு நிற்காமல், ‘ஓட்டுவது’ என்ற செயலும் பெயரில் வேண்டும் என்பது என் கட்சி. படகோட்டி இருக்கிறார், தேரோட்டி இருக்கிறார். ‘தனியோட்டி’ காதுக்குப் புதிதாகப் படாது. ஆளைக் குறிக்கும் சொல்லாயிற்றே என்று யாராவது கேட்கலாம். நல்லதுதான். ஆள் தனியோட்டி, படகு தனியோட்டி டிங்கி. ஒரே வேரில் இரண்டு வேலை முடிகிறது.

> அப்புறம் டிங்கியை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? தோணி என்று போடலாமே.

தோணி என்ற பெயரில் பெரிய சரக்குக் கலங்களே ஓடியிருக்கின்றன; வள்ளம் என்றால் மீன்பிடிப்பு நினைவுக்கு வரும். டிங்கியோ இந்தி, வங்காளப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். வெளியூர் போய்த் திரும்பிய உறவினரை வாசலில் நிறுத்துவானேன்? அடியில் ஈயம் இல்லாத, கவிழ்ந்தால், அடியில் நீருக்குள் நீட்டி நிற்கும் செருகுபலகை மேல் ஏறி நின்று நிமிர்த்திவிடக்கூடிய சிறு பாய்ப்படகு என்று விளக்கம் எழுதிவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது அந்தத் தொங்கலுக்கான சொல்தான். ‘வெளிச்சாய்வு’ என்று எழுதிப் பார்த்தேன். படகு சாய்வதா ஆள் சாய்வதா என்ற குழப்பம் வருகிறது. ‘எடைத்தொங்கல்’ கொஞ்சம் கரடுமுரடு. வாருக்குக் ‘கால்வார்’ போதும். தொங்கலுக்கு உங்களிடம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.