உள்கணுக்கால் வலி: நடையைப் பரிசோதிக்க யாரிடம் போவது?

சில மாதங்களாக வலது காலில், உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குச் சற்றுப் பின்னால் வலி. குதிகால் வலி இல்லை. காலையில் முதல் அடி வைக்கும்போது ஒன்றும் தெரியாது. நடக்க நடக்கத்தான் ஏறுகிறது, மாலையில் அந்த இடம் லேசாக வீங்கிவிடும்.

எக்ஸ்ரேயில் கோளாறு இல்லை என்றார்கள். ஐஸ் ஒத்தடம், கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் இன்சோல் போட்டால் கொஞ்சம் தேவலை, கழற்றினால் பழைய கதைதான்.

இடது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்க முடிகிறது. வலதில் எழும்பவே மாட்டேன் என்கிறது. பின்னாலிருந்து வீடியோ எடுத்துப் பார்த்தால் வலது குதிகால் வெளிப்பக்கம் சாய்ந்து, பாதத்தின் வளைவு தரையோடு படிகிறது. இதுவரை யாரும் என்னை நடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை, அதுதான் எரிச்சல்.

இந்த அறிகுறிகளுக்கு நடையைப் பரிசோதிக்க முதலில் பிசியோதெரபிஸ்டிடம் போவதா, எலும்பு மருத்துவரிடம் போவதா?