பாளையங்கோட்டை வீட்டுக் குழு: சின்னவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொப்பி

சனிக்கிழமை

மைனி, காலை 10.40
[படம்]
சித்தி, தொப்பிக்குக் குரோஷாவில் பின்னும் இந்த வட்டத்தைக் கொஞ்சம் பாருங்களேன். சமமாகப் படுக்க மாட்டேன் என்கிறது. ஓரம் முழுக்க அலை அலையாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பிரித்துப் பிரித்துப் பின்னியாச்சு.

அண்ணன், 10.42
காலை டிபனும் இன்னும் வரவில்லை. அதையும் குழுவில் பதிவு செய்துவிடுகிறேன்.

அம்மா, 10.43
மாவு இருக்கும், கல் இருக்கும், உனக்குக் கையும் இருக்கிறது. ஊற்றிக்கொள்.

சித்தி, 10.51
எண்ணிக்கையைச் சொல்லு மகளே. ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை டபுள் பின்னல்?

மைனி, 10.52
முதலில் 12. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டிரண்டு, 24. அதற்கடுத்ததிலும் இரண்டிரண்டு, 48.

சித்தி, 10.55
அங்கேதான் சங்கதி. ஒரு சுற்றுக்கு 12 மட்டும்தான் கூட வேண்டும். 12, 24, அப்புறம் 36. மூன்றாவது சுற்றில் ஒரு கண்ணில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, இப்படி மாற்றி மாற்றிப் போடு. நாலாவதில் ஒன்று, ஒன்று, இரண்டு. 48 வந்துவிடும். கூட்டுவது குறைந்தால் குழிந்துபோகும், அதிகமானால் இப்படித்தான் அலைபாயும்.

மைனி, 10.56
எந்த இடத்தில் கூட்டுவதை நிறுத்த வேண்டும்?

சித்தி, 10.59
பிறந்த பிள்ளைக்குத் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ. இருக்கும். தொப்பி லேசாகப் பிடிக்க வேண்டும், 33 என்று வைத்துக்கொள். 33-ஐ 3.14-ஆல் வகு. பத்தரை செ.மீ. வட்டம் வந்ததும் கூட்டாமல் நேராக இறக்கு. ஸ்கேல் வைத்து அளந்து பார், கண்ணளவு வேண்டாம்.

அண்ணன், 11.01
பள்ளிக்கூடத்தில் கணக்கில் இந்த 3.14-ஐப் படித்தபோது இதற்கு என்று யாருமே சொல்லவில்லை.

சித்தி, 11.03
அது இருக்கட்டும். நூல் என்ன நூல்? படத்தில் ரொம்பப் பளபளக்கிறதே.

மைனி, 11.04
பேபி வூல் என்று கேட்டு வாங்கினேன். ரோஸும் மஞ்சளும். தொட்டால் பூவாக இருக்கிறது.

சித்தி, 11.06
ஒரு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பார். குட்டிப் பையனைப் பக்கத்தில் விடாதே.

மைனி, 11.15
உருகிவிட்டது சித்தி! நுனியில் கறுப்பாக ஒரு மணி உட்கார்ந்திருக்கிறது. நசுக்கினால் நசுங்கவே இல்லை.

சித்தி, 11.18
அக்ரிலிக். நிஜக் கம்பளியாக இருந்தால் முடி பொசுங்கிய நாற்றம் வரும், தீயும் தானாகவே அணையப் பார்க்கும், மிஞ்சிய கரியை விரலால் தூளாக்கலாம். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாடை, மெல்லிய சாம்பல். கடையில் வூல் என்று விற்பதில் நிறைய ஆட்டையே பார்த்திராதது. ஊட்டிக்கோ டெல்லிக்கோ அனுப்புவதென்றால் சரி. நம் ஊர் வெயிலில் அது வேர்வையை உறிஞ்சாது, பிள்ளைக்குத் தலை முழுக்க வேர்க்குரு போட்டுவிடும். பருத்தி நூல் வாங்கு, 4 பிளை, அதாவது நாலிழை. மூன்றரை எம்.எம். ஊசி சரியாக இருக்கும். ஆனால் பருத்தி கம்பளி மாதிரி இழுத்துக் கொடுக்காது, அதனால்தான் அளவில் இவ்வளவு கறார். ஓட்டை ஓட்டையான டிசைனும் வேண்டாம், பிள்ளையின் விரல் மாட்டும். கட்டுவதற்குக் கயிறும் வைக்காதே.

மைனி, 11.20
அப்போது இந்த ரோஸ் நூல்?

நான், 11.21
எங்கள் வீட்டு மிக்ஸிக்கு உறை போட்டுக் கொடு மைனி. 😄

சின்னவள், 11.30
எனக்கு ரோஸ் பிடிக்குமா என்று யாராவது கேட்டீர்களா? மஞ்சள் போதும்.

அம்மா, 11.34
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஆச்சிக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று ஒன்றும் தைக்கவும் கூடாது, பின்னவும் கூடாது என்கிறார்கள். கோபமாக இருக்கிறார்கள்.

சின்னவள், 11.35
ஆச்சி!!

அண்ணன், 11.36
வட்டம் ஏன் படுக்கவில்லை என்று இப்போது புரிகிறது. ஆச்சி பார்வை பட்டிருக்கிறது.

சித்தி, 11.40
ஆச்சி சொன்னால் சொன்னதுதான். நீங்கள் எல்லாம் பிறந்தபோதும் பழைய வேட்டித் துணிதான் முதலில். துவைத்துத் துவைத்து நைந்த துணி அவ்வளவு மெதுவாக இருக்கும், புதுத் துணியின் கஞ்சி பிள்ளை மேலே படாது. அதில் ஞாயம் இருக்கத்தான் செய்கிறது. தொப்பிக்கு வேண்டுமானால் வேறு வழி பார்ப்போம்.

நான், 11.48
அம்மா, இதைக் கேட்கவே காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். என் மெஷினில் தையலுக்கு அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது. அடி நூல் சுற்றிய பாபினை மாற்றி மாற்றிப் போட்டும் அப்படியே.

அம்மா, 11.52
அடியில் சிக்கினால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில் இருக்கும். மேல் நூலை முழுக்க உருவிவிடு. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோர். பாதம் கீழே இருக்கும்போது கோர்த்தால் நூல் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் போய் உட்காராது, தளர்ந்து அடியில் போய்க் குவியும். ஊசி என்ன நம்பர்?

நான், 11.53
14. துணி மல், மெல்லிய பருத்தி.

அம்மா, 11.54
மல் துணிக்கு 14 தடி. 11 போடு. என்ன தைக்கிறாய்?

நான், 11.55
...சுருக்குப்பை.

அம்மா, 11.56
மல் துணியில் சுருக்குப்பையா?

நான், 11.57
சரி, ஜப்லா, பிள்ளைச் சட்டைதான். ஆச்சியிடம் சொல்லாதீர்கள்.

அம்மா, 11.58
ஆச்சி என் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்.

நான், மதியம் 12.20
[படம்]
சரியாகிவிட்டது! மேலும் கீழும் ஒரே மாதிரி. மதியம் பிள்ளை தூங்கும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு மெஷின் நேரம். பெடல் மெஷின் என்பதால் சத்தம் மெதுவாக இருக்கிறது, உங்கள் மருமகன் வாங்கிக் கொடுத்த மோட்டாரை மாட்டினால் எழுந்துவிடுகிறான். கரண்ட் போனாலும் கவலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை

பெரிய மாமா, காலை 6.10
[படம்]
தக்ளியில், கையால் சுழற்றும் கதிரில், நேற்று நூற்றது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கருங்கண்ணிப் பருத்தி கொஞ்சம் கிடைத்தது. கரிசல் மண்ணில் மானாவாரியாக விளையும் நாட்டுப் பருத்தி. இழை குட்டையானது, அவசரப்பட்டு இழுத்தால் பட்டென்று அறும். தொப்பிக்கு இந்த நூலையே தருகிறேன். கடை நூல் எதற்கு?

சித்தி, 6.45
அண்ணா, அழகாக வந்திருக்கிறது. ஆனால் ஒற்றை இழையை அப்படியே பின்னினால் முறுக்குப் பிரியும், தொப்பியும் ஒரு பக்கமாகச் சாயும். நாலு இழையைச் சேர்த்து, நூற்றதற்கு எதிர்த் திசையில் முறுக்க வேண்டும். அப்புறம் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, அங்கங்கே கட்டி, தண்ணீரில் கொதிக்கவிட்டுக் காயப் போடுங்கள். முறுக்கு நிற்கும். சுருங்க வேண்டியதும் இப்போதே சுருங்கிவிடும்.

பெரிய மாமா, 7.02
எனக்கே பாடமா? ஐந்தாம் வகுப்பில் நூற்பு பீரியட் இருந்த காலத்து ஆள் நான். தக்ளியைத் தொடையில் உருட்டிவிட்டு, கையை உயர்த்தி, அது தரையைத் தொடும்முன் நூலைச் சுற்றியாக வேண்டும். நூல் அறுந்தால் வாத்தியார் திட்டமாட்டார், பக்கத்துப் பையன் சிரிப்பான். அதுதான் மோசம்.

அண்ணன், 7.30
ராட்டை வாங்கலாமே மாமா?

பெரிய மாமா, 7.41
பெட்டி ராட்டை ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். புனே எரவாடா சிறையில் இருந்தபோது காந்தி உருவாக்கிய மாதிரி. பெட்டிக்குள் இரண்டு சக்கரம், பெரியது சின்னதைச் சுழற்றும், சின்னது நூல் சுற்றும் கதிரைச் சுழற்றும். மூடினால் கையில் தூக்கிக்கொண்டு ரயில் ஏறலாம். அம்பர் ராட்டையைக் கண்டுபிடித்த ஏகாம்பரநாதனும் நம் ஜில்லாக்காரர்தான். அவர் பெயரின் நடுவிலிருந்துதான் அம்பர்.

மைனி, 8.15
ஜப்லா ஓரத்துக்கு லேஸ் வைத்தால் நன்றாக இருக்கும். சித்தி, நீங்கள் தலையணையில் கட்டைகளை வைத்துப் பின்னுவீர்களே, அது?

சித்தி, 8.24
அது குரோஷா மாதிரி மடியில் வைத்துக்கொண்டு சீரியல் பார்க்கிற வேலை இல்லை. அட்டையில் குத்திய புள்ளிகள் மேலே குண்டூசி, கட்டைகள் சோடி சோடியாக. ஒரு சோடியைத் தப்பாக மாற்றிவிட்டால் பத்து வரிசை தள்ளித்தான் தெரியும். கன்னியாகுமரிப் பக்கம் முளகுமூட்டில் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தபோது பேச்சுச் சத்தமே இருக்காது, கட்டை தட்டும் சத்தம் மட்டும்தான். இப்போது கண் ஒத்துழைக்க வேண்டும். சின்ன ஓரம் என்றால் முயன்று பார்க்கிறேன்.

பெரிய மாமா, 8.33
முளகுமூட்டுக்கு முன்னாலேயே நாகர்கோவிலில் வந்துவிட்டது. 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசாவைத்தான் கால்டுவெல் 1844-இல் கல்யாணம் செய்தார். லேஸ் அப்படியே அவர்கள் குடியிருந்த இடையன்குடிக்கும் போனது. அந்த வருமானத்தைச் சேர்த்துக் கொடுத்துத் தங்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855-இல்தான். பொழுதுபோக்கு என்று நீங்கள் வைத்துக்கொண்டிருப்பது அவர்களுக்கு விடுதலைப் பணம்.

சின்னவள், 8.36
மாமா, இது எனக்குத் தெரியவே தெரியாது.

அண்ணன், 8.38
கடையில் 150 ரூபாய்க்கு ரெடிமேட் தொப்பி கிடைக்கும் என்று சொல்ல வந்தேன். இப்போது சொன்னால் அடி விழும்.

மைனி, 8.39
வீட்டிலும் விழும்.

மைனி, 9.05
[படம்]
இதற்கிடையில் குட்டி நூல் உருண்டையை எடுத்து நாற்காலிக் கால், கதவுத் தாழ்ப்பாள், அவன் அப்பா எல்லோரையும் சேர்த்துக் கட்டிவிட்டான். மஞ்சள் மட்டும் தப்பித்தது.

சித்தி, 9.08
வெட்டாதே! பொறுமையாகச் சுற்றி எடு. வெட்டினால் முடிச்சு வரும்.

அம்மா, 9.40
ஆச்சி ஒரு வழி சொல்கிறார்கள். வீட்டுத் தொட்டில் கிருஷ்ணனுக்குத் தொப்பி பின்னுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பின்னலாமாம். கிருஷ்ணனுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்து வைக்கலாம். பிள்ளை பிறந்த பிறகு அது யார் தலைக்குப் பொருந்துகிறதோ அவர்களுக்கு.

அண்ணன், 9.41
கிருஷ்ணன் நாலு விரல் உயரம்தானே அம்மா இருப்பார்? 33 செ.மீ. தொப்பிக்குள் முழுசாக உட்காருவார்.

அம்மா, 9.42
கேட்டதற்கு ஆச்சி சொன்னது: அவன் உலகத்தையே வாயில் காட்டினவன், தொப்பி எம்மாத்திரம்.

சின்னவள், 9.43
😂😂 ஆச்சிக்கு முத்தம்.

நான், 9.50
அப்படியென்றால் ஜப்லாவும் கிருஷ்ணனுக்குத்தான். அம்மா, தையல் உள்பக்கம் உறுத்துமே, என்ன செய்ய?

அம்மா, 9.58
மடிப்பை வெளிப்பக்கம் வைத்துத் தை. பார்க்க அப்படி இப்படி இருந்தாலும் உடம்பில் குத்தாது. பட்டன் வேண்டாம், முதுகுப் பக்கம் குட்டையாகத் துணி முடிச்சு போதும். வெட்டும் முன் துணியை நனைத்துக் காயப் போட்டாயா?

நான், 9.59
போட்டேன்.

அம்மா, 10.01
நல்லது. வளைகாப்புக்கு வரும்போது 11-ஆம் நம்பர் ஊசி ஒரு பாக்கெட் வாங்கி வா, இங்கே தீர்ந்துவிட்டது. என் மெஷின் பெல்ட்டும் தளர்ந்துவிட்டது, அண்ணன் வந்து பார்க்கட்டும்.

அண்ணன், 10.02
எனக்குக் குஸ்தி கற்றுத் தந்தீர்கள், தையல் மெஷினைக் கற்றுத் தரவில்லை.

அம்மா, 10.03
பெல்ட் தோல் பட்டைதான், ஒரு அங்குலம் வெட்டிக் கொக்கியை மறுபடி மாட்டினால் இறுகிவிடும். அதற்குப் படிப்பு எதற்கு?

அம்மா, 10.15
ஆச்சி இன்னும் ஒன்று கேட்கிறார்கள். அந்த ரோஸ் நூல் வீணாகப் போவதென்றால் அவர்களுக்கு வெற்றிலைச் சுருக்குப்பை ஒன்று பின்ன முடியுமா என்று.

மைனி, 10.16
இன்றைக்கே தொடங்குகிறேன் அத்தை! எத்தனை பாக்கு வைக்கிற அளவு?

அம்மா, 10.18
பாக்குக்கு இல்லையாம். செல்போனுக்காம்.