கம்பியில்லாத் தூசு உறிஞ்சி: கலமா, குடுவையா? வடிகட்டியா, காற்றரியா?

மடல் 1 (மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மின்னேற்றி வைத்துக்கொண்டு, சுவரில் செருகாமல் கையில் தூக்கி வீடு பெருக்கும் தூசு உறிஞ்சி ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். மொத்தம் 12 பக்கங்கள். வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போக வேண்டும். மூன்று பாகங்களுக்குப் பெயர் அமையவில்லை: தூசு வந்து சேரும் ஒளிபுகும் பாத்திரம், மோட்டாருக்குள் தூசு போகாமல் தடுக்கும், மாதம் ஒருமுறை கழுவ வேண்டிய பாகம், தரையைத் தேய்த்தபடி சுழன்று, தலைமுடியைச் சுற்றிக்கொள்ளும் உருளை. முதற்படியில் இவற்றைத் தூசுக்கலம், வடிகட்டி, சுழல்தூரிகை என்று எழுதினேன்.

அந்தப் படியையும் கருவியையும் என் அம்மாவிடம் கொடுத்தேன். "கலத்தைக் கழற்றிக் குப்பைத் தொட்டிக்கு நேராகப் பிடித்துத் திறக்கவும்" என்ற இடத்துக்கு வந்ததும் அவர் மின்கலத்தைக் கழற்றினார். முந்தைய பக்கத்தில் 'மின்கலம்' என்று நானே எழுதியிருந்ததால் அவர் மீது பிழையில்லை. அடுத்து, "வடிகட்டியைச் சோப்பு சேர்க்காமல் குளிர்ந்த நீரில் கழுவி, 24 மணி நேரமாவது காற்றாட உலர்த்திய பிறகே பொருத்தவும்" என்பதைப் படித்துவிட்டு, வடிகட்டி நனைவதற்கென்றே உள்ள பொருள்தானே, அதை எதற்கு ஒரு நாள் காய வைக்க வேண்டும் என்று கேட்டார். ஈரம் காயாமல் பொருத்தி ஓட்டினால் ஈரம் மோட்டாருக்குப் போகும், அடைப்பு விழும், நாற்றமும் வரும். இப்படித் தவறாகப் படிக்க இடம் தராத சொற்களை வேண்டுகிறேன்.

மடல் 2 (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்)

அம்மையீர், உங்கள் அம்மாவின் வாசிப்பே சரியானது. 'கலம்' பாத்திரமும் ஆகும், மரக்கலமும் ஆகும். எங்கள் பக்கத்தில் 12 மரக்கால் நெல்லும் ஒரு கலந்தான். இத்தனை பொருளைச் சுமக்கும் சொல்லை ஒரே கையேட்டில் இரண்டு பாகங்களுக்கு வைக்கலாகாது. 'குடுவை' என்று மாற்றுங்கள். சுரைக்குடுவையை அறிந்தவர்களுக்கு அதன் வடிவம் உடனே கண்முன் வரும்.

அதற்கு முன், 'தூசு' என்றே எழுத வேண்டுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய வழக்கில் தூசு என்றால் ஆடை. 'தூசி' என்று மாற்றினாலும் பழைய பொருளிலிருந்து தப்ப முடியாது. படையின் முன்னணியைத் தூசிப்படை என்றார்கள். ஆயினும் 'தீயினில் தூசாகும்' என்று திருப்பாவையில் ஆண்டாள் பாடுவது, எரிந்து ஒன்றுமில்லாமல் போகும் அற்பப் பொருளைத்தான். ஆகவே இன்றைய பொருளும் நெடுங்காலமாக நம்மிடம் உள்ளதே. என் விருப்பம் 'துகள்'. ஆனால் அது இன்று அறிவியல் பாடநூலின் சொல்லாகிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. 'காலி செய்யவும்' என்று எழுதியிருப்பீர்கள். காலி அரபுச் சொல். எங்கள் வீடுகளில் பாத்திரத்தில் மிஞ்சியதை வேறொன்றுக்கு மாற்றிவிட்டுத் துலக்கப் போடுவதை 'ஒழித்துப் போடுதல்' என்போம். அடுக்களையில் உயிரோடு இருக்கும் சொல் அது. "குடுவையை ஒழிக்கவும்" என்று எழுதலாம்.

மடல் 3 (இயற்பியல் ஆசிரியர், சென்னை)

ஐயா, 'ஒழிக்கவும்' என்று அச்சில் கண்டால் சென்னையில் பலர் அழித்துவிடச் சொல்வதாகவே கொள்வார்கள். 'கொட்டவும்' என்ற எளிய சொல் போதும். குப்பையைக் கொட்டுவது என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்.

சிலர் 'வெற்றிடத் துப்புரவி' என்று எழுதுவதால், 'உறிஞ்சி' என்பதைக் காக்க விரும்புகிறேன். இக்கருவிக்குள் வெற்றிடம் உண்டாவதில்லை. விசிறி காற்றை வெளியேற்றுவதால் உள்ளே அழுத்தம் ஓரளவு குறைகிறது. வெளியிலுள்ள காற்று அந்தக் குறைவை நோக்கிப் பாய்கிறபோது தூசையும் இழுத்துக்கொண்டு வருகிறது. பனங்காய்ச் சாற்றையோ இளநீரையோ வாயால் உறிஞ்சும்போது நடப்பதும் இதுவே. ஆகவே அன்றாடச் சொல்லே இங்கு அறிவியலுக்கும் நெருக்கமாக இருக்கிறது.

தமிழாசிரியர் தூசு என்றால் ஆடை என்றதும் 1901 நினைவுக்கு வந்தது. ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அவ்வாண்டில்தான் இவ்வகைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் அவர் பார்த்த பொறி தூசை ஊதிக் கிளப்பியது. இழுத்தால் என்ன என்று எண்ணிய அவர், ஒரு கைக்குட்டையை இருக்கையின் மீது விரித்து, அதன் வழியாக வாயால் காற்றை இழுத்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். துணியின் அடிப்பக்கத்தில் தூசு படிந்திருந்தது. தூசைப் பிடித்ததும் தூசுதான். பிற்காலத்தில் துணிப்பைகளே பல்லாண்டு காலம் இக்கருவிகளில் அந்த வேலையைச் செய்தன. நம் கையேட்டின் கருவியில் காற்று முதலில் சுழன்று, கனமான குப்பையைக் குடுவையின் சுவரை நோக்கி எறிந்து வீழ்த்துகிறது. மிச்சமுள்ள நுண்தூசு மட்டுமே வடிகட்டிக்குப் போகிறது. உயர்தர வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். இத்தனை நுண்ணிய இழைகளுக்கு நடுவே நீர் தங்கிவிடுவதால்தான் 24 மணி நேரக் கணக்கு. இதை ஒரு வரியில் எழுதிவிட்டால் 'வடிகட்டி' என்ற சொல்லுக்கு இடர் இல்லை என்பது என் கருத்து.

மடல் 4 (ஆசிரியை, யாழ்ப்பாணம்)

வணக்கம். சுழலும் உருளைக்கு 'தூரிகை' என்பது எனக்கு ஒப்பவில்லை. தூரிகை ஓவியரின் கையில் இருப்பது. அது வடசொல்லின் வழி வந்ததும்கூட. எங்களிடம் ஈர்க்கினால் கட்டியது விளக்குமாறு. தென்னந்தும்பு வைத்துக் கட்டியது தும்புத்தடி. இந்த உருளையில் இருப்பதும் நிறுத்தி நட்ட தும்புதானே? தும்பு, உருளை இரண்டும் சேர்ந்தால் குற்றியலுகரம் கெட்டுத் 'தும்புருளை' என்று அழகாகப் புணரும். "தும்புருளையில் சுற்றிய முடியைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுக்கவும்" என்று வாசித்துப் பாருங்கள்.

மடல் 5 (தமிழாசிரியர், தஞ்சாவூர்)

அம்மா, தும்புருளை நெஞ்சை அள்ளுகிறது. ஆனால் எங்கள் ஊரில் தும்பு என்றால் மாட்டைக் கட்டும் கயிறு. 'தும்பை விட்டு வாலைப் பிடிப்பது' என்ற பழமொழியில் வரும் தும்பு அதுவே. நீங்கள் சொன்ன பிறகு வேறொன்று தோன்றுகிறது. 'கம்பியில்லா' என்ற அடை எனக்கு வானொலியையும் பழைய கம்பியில்லாத் தந்தியையுமே நினைவூட்டுகிறது. சுவரோடு கட்டிவைத்திருந்த கருவி கயிற்றை அறுத்துக்கொண்டு வீடெங்கும் போகிறது என்றால், அது தும்பறுத்த கன்று. 'தும்பறு உறிஞ்சி' என்றால் என்ன?

இனி வடிகட்டிக்கு வருகிறேன். இரண்டு நாளாக இதுவே சிந்தனை. மாணாக்கரை உவமையால் வகுக்கும் நன்னூல் நூற்பாவில், கடைமாணாக்கருக்கு இல்லிக்குடம், ஆடு, எருமை ஆகியவற்றோடு 'நெய்யரி'யையும் பவணந்தியார் சொல்கிறார். நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்வது நெய்யரி. பன்னாடையை அதற்குப் பயன்படுத்தினார்கள். மாணாக்கனுக்கு அது குறை. நம் கருவிக்கோ அதுவே பணி. நல்லதை விட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்ளும் பாகத்துக்கு 'அரி' என்ற சொல்லைவிடப் பொருத்தமானது எது? நெய்யை அரிப்பது நெய்யரி என்றால், காற்றை அரிப்பது 'காற்றரி'. நீரோடு உறவில்லாத சொல் ஆகையால், உங்கள் தாயார் கேட்ட கேள்வியும் எழாது.

மடல் 6 (கருவி பழுதுபார்ப்பவர், சிங்கப்பூர்)

பெரியவர்களுக்கு வணக்கம். 15 ஆண்டுகளாக வீட்டு மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் நான், இலக்கணம் பேசத் தகுதியுடையவன் அல்லன். என்னிடம் வரும் இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பழுதே இருப்பதில்லை. குடுவை நிரம்பிக் கோட்டைத் தாண்டியிருக்கும். அல்லது வடிகட்டி மாதக்கணக்கில் கழுவப்படாமல் சாம்பல் பூத்திருக்கும். மோட்டார் விட்டு விட்டு உறுமும். உரியவரிடம் "பில்டரைக் கழுவினீர்களா?" என்று கேட்டால் புரிகிறது. "வடிகட்டி" என்றால் ஒரு கணம் யோசித்துவிட்டுப் புரிந்துகொள்கிறார்கள். "காற்றரி" என்றால் என்னை யார் என்று பார்ப்பார்கள். வடவெழுத்தை நீக்கி வடசொல்லை ஏற்கத் தொல்காப்பியரே வழி விட்டார் என்று இக்குழுவில்தான் படித்தேன். அந்த வழியில் 'பில்டர்' நுழையக் கூடாதா?

மேலும் ஒரு வேண்டுகோள். குடுவைக்குள் ஒட்டிய தூசு நிலைமின்னால் பிடித்திருக்கும். உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும் என்பதையும், கொட்டுவதற்கு முன் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும் என்பதையும், முடியை நறுக்கும் முன் மின்கலத்தைக் கழற்ற வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். சொல் எதுவானாலும் விரல் முக்கியம்.

மடல் 7 (தமிழாசிரியர், தஞ்சாவூர்)

தம்பி, நீங்கள் சொல்வதில் உள்ள அக்கறையை மதிக்கிறேன். ஆனால் புரியவில்லை என்பதற்காக ஒரு சொல்லைப் பிறக்கும் முன்பே தள்ளிவிட்டால், எந்தச் சொல்லும் பழகாது. 'பேருந்து' வந்த நாளில் யாருக்குப் புரிந்திருக்கும்?

'வடிகட்டி'யில் நீரைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. அது பெயராகவும் வரும், வினையெச்சமாகவும் வரும். கையேட்டில் 'வடிகட்டியை' என்று வேற்றுமை உருபு வெளிப்பட நிற்பதால் தப்பிக்கலாம். கருவியின் மேல் ஒட்டும் சிறு வில்லையில் இடம் போதாமல் "வடிகட்டி கழுவுக" என்று உருபு தொக்கு நிற்கும். யாரோ ஒருவர் சந்தி விடுபட்டதென்று எண்ணி, "வடிகட்டிக் கழுவுக" என்று ஒற்றைச் சேர்த்துத் திருத்திவிட்டால், எதையோ வடிகட்டிய பிறகு கழுவச் சொல்வதாக ஆகிவிடும். ஒரே ஒரு 'க்' பொருளை மாற்றுகிறது. "காற்றரி கழுவுக" என்பதில் இந்த மயக்கம் பிறக்கவே வழியில்லை.

மடல் 8 (மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்)

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மூன்று படிகளை அச்செடுத்து, அம்மாவோடு பக்கத்து வீட்டு அக்காவையும் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். 'குடுவை' இருவரையும் சரியான பாகத்துக்கே கொண்டுபோனது. 'கொட்டவும்' என்பதில் ஐயமே எழவில்லை. 'தும்புருளை' என்றதும் அக்கா கயிற்றைத் தேடினார். அதனால் வருத்தத்தோடு 'உருள்தூரிகை' என்று வைக்கிறேன். 'தும்பறு' என்பதை நான் மிக விரும்பியும் வைக்க முடியவில்லை. 'கம்பியில்லா' என்பதே நிற்கும்.

'காற்றரி' என்ற படியில் அம்மா நின்றுவிட்டார். எது என்று கேட்டார். படத்தைக் காட்டிய பின் கழுவினார், காய வைக்கவும் செய்தார். 'வடிகட்டி' என்ற படியில் எதைக் கழுவுவது என்று அக்கா கேட்கவில்லை. ஆனால் அரைமணி நேரத்தில் ஈரத்தோடு பொருத்தப் போனார். முதல் சொல் பாகத்தைக் காட்டத் தவறியது. இரண்டாம் சொல் எச்சரிக்கையைக் காட்டத் தவறியது. பாகத்தைச் சொல்லே காட்ட வேண்டும், எச்சரிக்கையையோ படத்தோடு சேர்த்துவிட முடியும். எனவே 'காற்று வடிகட்டி' என்று முழுப் பெயராகவே எல்லா இடத்திலும் எழுதி, அருகில் 24 மணி நேரக் கடிகாரப் படத்தை வைக்கச் சொல்லியிருக்கிறேன். சென்னை, சிங்கப்பூர் நண்பர்கள் இதற்கு இசைந்தார்கள்.

மடல் 9 (ஆசிரியை, யாழ்ப்பாணம்)

காற்று வடிகட்டிக்கு நானும் இசைகிறேன், முழு மனதோடு அல்ல. அரிசி களையும் அரிக்கஞ்சட்டியும், மா அரிக்கும் அரிதட்டும் எங்கள் வீடுகளில் இருக்கும்போது 'அரி' அந்நியம் என்று எப்படிச் சொல்வேன்? அடுத்த பதிப்பிலாவது சொற்பட்டியலில் அதற்கு ஓரிடம் வேண்டும்.

மடல் 10 (தமிழாசிரியர், தஞ்சாவூர்)

அம்மையீர், பெரும்பான்மைக்கு நான் தடையாக நிற்கவில்லை. கையேடு வெள்ளிக்கிழமை போகட்டும். ஆயினும் என் உடன்பாடின்மையைக் குறித்து வையுங்கள். வில்லையில் 'காற்று வடிகட்டி கழுவுக' என்று அச்சிடுவதாயின் 'யைக்' என்று சேர்க்க இடம் உண்டா என்று அச்சகத்தாரிடம் கேட்டுச் சொல்லுங்கள், இரண்டே எழுத்துதான்.